வளையத்திலிருந்து கசியும் மருந்து

மாணவர்களே, பிறந்தநாள் விருந்துக்கு வாங்கிய ஹீலியம் பலூனை இரவு முழுவதும் அப்படியே விட்டுப் பாருங்கள். காலையில் அது சுருங்கித் தரையில் கிடக்கும். முடிச்சு அவிழ்ந்திருக்காது, ஓட்டையும் இருக்காது. அப்படியென்றால் வாயு எங்கே போனது? ரப்பரின் ஊடாகவே வெளியேறிவிட்டது. ரப்பர் நம் கண்ணுக்குத்தான் கெட்டியான சுவர். ஹீலியம் அணுக்களுக்கோ, அது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கும் வலை. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அவை மெல்ல நகர்ந்துவிடும். உயிரியல் பாடத்தில் நீங்கள் படித்த பரவல் இதுதான்.

இதே பரவலைப் பயன்படுத்தி ஒரு மருந்தை வாரக்கணக்கில் சீராக உடலுக்குள் செலுத்தலாம். அப்படிச் செயல்படும் ஒரு கருவியே, பெண்கள் பயன்படுத்தும் கருத்தடை வளையம்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் பெதெஸ்டா மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மன், டேவிட் லாங் என்ற இருவர் ஆய்வு செய்துகொண்டிருந்தனர். எண்ணெயில் கரையும் சில சாயங்கள் சிலிக்கோன் ரப்பர் குழாயின் சுவரைக் கடந்து வெளியே வருவதை அவர்கள் கண்டனர். சாயம் வருமென்றால் மருந்தும் வரும் அல்லவா? இந்த முடிவை அவர்கள் 1964இல் வெளியிட்டனர். கருத்தடைக்குப் பயன்படும் ஹார்மோன்களும் கொழுப்பில் கரைபவை என்பதால், 1970களில் வளையங்களில் ஹார்மோனை அடைத்துச் சோதிக்கும் ஆய்வுகள் பெருகின. மாதந்தோறும் மாற்றும் வளையத்துக்கு அமெரிக்கா 2001இல் ஒப்புதல் அளித்தது.

வளையத்துக்குள் என்ன இருக்கிறது?

அந்த வளையம் 54 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டது, எளிதாக வளையும். விளையாட்டுக் காலணிகளின் அடிப்பாகத்தில் பயன்படும் எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் உட்பகுதியில் இரண்டு ஹார்மோன்கள் உள்ளன. ஒன்று எட்டோனோஜெஸ்டிரல், மற்றொன்று ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த எத்தினைல் எஸ்ட்ராடயோல். வெளியே ஒரு மெல்லிய தோல்போன்ற அடுக்கு இருக்கிறது. நாளுக்கு எவ்வளவு ஹார்மோன் கசிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த அடுக்குதான்.

பெண் இதைத் தானே யோனிக்குள் வைத்துக்கொள்கிறார். (மருத்துவர் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி வேறு கருவி.) மூன்று வாரம் கழித்து எடுத்துவிட்டு, ஒரு வாரம் இடைவெளி விட்டுப் புதிய வளையத்தை வைக்க வேண்டும். யோனிச் சுவரில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதால் ஹார்மோன் நேராக இரத்தத்தில் சேர்கிறது. தினமும் மாத்திரை விழுங்கினால் இரத்தத்தில் ஹார்மோன் அளவு ஏறி இறங்கும். வளையத்தில் அந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு.

இரத்தத்தில் ஹார்மோன் இருந்தால் கரு உருவாகாமல் போவது ஏன்? உங்கள் வீட்டு ஏர்கோனை நினைத்துக்கொள்ளுங்கள். அறை போதுமான அளவு குளிர்ந்ததும் அது தானே ஓய்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அப்படித்தான். இரத்தத்தில் இந்த ஹார்மோன்கள் போதிய அளவு இருப்பதால், சூலகத்தைத் தூண்டும் தன் ஹார்மோன்களை அது குறைத்துவிடுகிறது. கருமுட்டை முதிர்ந்து வெளியேறுவதில்லை. கருப்பைக் கழுத்தில் உள்ள சளியும் கெட்டியாகி, விந்தணு நுழைவதைத் தடுக்கிறது.

நூற்றில் எத்தனை பேர்?

விதிகளைத் துளியும் தவறாமல் பின்பற்றினால், ஓராண்டில் இதைப் பயன்படுத்தும் 100 பெண்களில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. நடைமுறையிலோ அந்த எண்ணிக்கை சுமார் 7. புதிய வளையத்தை வைக்கும் நாள் மறந்துபோவதும், வளையம் நழுவி நீண்ட நேரம் வெளியே இருந்துவிடுவதும் இதற்குக் காரணங்கள். ஆகவே எந்தக் கருத்தடை முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், “இது எந்த எண்?” என்று கேட்டுப் பழகுங்கள்.

இந்த வளையம் எச்.ஐ.வி. போன்ற பாலியல் தொற்றுகளைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான் தேவை. ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுவதால், முன்பு இரத்தக் கட்டி ஏற்பட்டவர்களும் 35 வயதைத் தாண்டிய புகைபிடிப்பவர்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது. யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மீதி எங்கே போகிறது?

இப்போது ஒரு சிறு கணக்கு. வளையத்தில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடயோல் 2,700 மைக்ரோகிராம். நாளொன்றுக்குக் கசிவது 15 மைக்ரோகிராம். 21 நாளில் 315. அதாவது, கழற்றும்போது 2,385 மைக்ரோகிராம் உள்ளேயே இருக்கிறது! இது வீண் அல்ல. உள்ளே செறிவு மிகுதியாக இருந்தால்தான் கசிவு கடைசி நாள்வரை சீராக இருக்கும். தொட்டி வற்றத் தொடங்கினால் குழாயில் நீரின் வேகம் குறைவதைப் போல, ஹார்மோன் தீரத் தீரக் கசிவும் தளர்ந்துவிடும்.

ஆனால் அந்த மீதியைக் கழிவறையில் போட்டு நீரை ஊற்றிவிடக் கூடாது. ஏன்? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஓர் ஏரியில் விஞ்ஞானிகள் 2001 முதல் மூன்று ஆண்டுகள் இதே எத்தினைல் எஸ்ட்ராடயோலைச் சேர்த்தனர். லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் மட்டுமே. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆயினும் ஆண் மீன்களின் உடலில், பெண் மீன்கள் முட்டைக்காகத் தயாரிக்கும் புரதம் உருவானது. ஒரு சிறு மீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அழிந்தேபோனது. ஆய்வு முடிவு 2007இல் வெளியானது.

ஒரு வளையத்தில் மீந்திருக்கும் ஹார்மோன் முழுவதும் நீரில் கலந்தால், சுமார் 4 லட்சம் லிட்டர் நீரை அதே செறிவுக்குக் கொண்டுவர அது போதும். மாத்திரையோ வளையமோ பயன்படுத்துவோரின் உடலிலிருந்து சிறுநீர் வழியே வெளியேறும் ஹார்மோனும் கழிவுநீரில் சேரத்தான் செய்கிறது. அதைத் தடுப்பது கடினம். பயன்படுத்திய வளையத்தை அது வந்த உறையிலேயே போட்டு மூடிக் குப்பைத் தொட்டியில் சேர்ப்பது எளிது. வீட்டில் மிஞ்சும் மற்ற மருந்துகளையும் கழிவறையில் கொட்டாதீர்கள். மருந்தகத்தில் திருப்பி ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.