தகட்டுக்குக் கிடைத்த விடுதலை

1950களின் அமெரிக்கக் கார்களைப் பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பது பின்பக்கத்து வால் துடுப்புகளில்தான். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லும் அவரது குழுவினரும் பி-38 போர் விமானத்தைப் பார்த்து ஈர்க்கப்பட்டார்கள். 1948 காடிலாக்கில் சிறு மேடாக முளைத்த அந்தத் துடுப்பு, 1959இல் வானைக் குத்தும் அளவுக்கு வளர்ந்தது. சாலையில் போகும் வேகத்தில் அதனால் பெரிய பயன் ஏதுமில்லை. ஆனாலும் அந்தக் கார்கள் மனத்தை இழுக்கின்றன. பழைய நினைவுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அவற்றில் ஒருநாளும் ஏறாதவர்களும், அவை ஓடி மறைந்த பின் பிறந்தவர்களும் சொக்கி நிற்பதை அந்த விளக்கம் தொடவில்லை. காரணம் இன்னும் கீழே, காரின் அடிவயிற்றில் இருக்கிறது என்பது என் கருத்து.

அக்கார்களில் பெரும்பாலானவற்றுக்கு சேசிஸ் என்ற தனி எஃகுச் சட்டம் உண்டு. எஞ்சின், சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாவற்றின் பாரத்தையும் அதுவே தாங்கும். உடல்பகுதி அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். கோயில் தேரில் மரத்தாலான அடிப்பாகம் ஆண்டாண்டுக்கும் அப்படியே இருக்க, மூங்கிலும் துணியும் கொண்ட மேல் அலங்காரத்தைத் திருவிழாதோறும் புதிதாகக் கட்டுகிறோமே, அதே ஏற்பாடு. பாரம் சுமக்கும் கடமை குறைந்ததால் தகடு சிற்பியின் கைக்குப் போனது. சட்டத்தை மாற்றாமலே ஆண்டுதோறும் புதுமுகம் காட்ட முடிந்தது. இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் உரிமத்தில் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றது. அவற்றில் டாட்ஜ் கிங்ஸ்வே, டிசோட்டோ டிப்ளமேட் இரண்டும் அடிப்படையில் பிளைமவுத் கார்களே. முகப்புக் கம்பிகளும் பெயர்ப் பட்டைகளும்தான் வேறு. எதிர்முனையில் நம் அம்பாசடர். அதன் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டில் தனிச் சட்டம் கிடையாது. உடலே பாரம் தாங்கும். 1950களின் பிற்பகுதியில் வந்த உருவம் 2014 வரை அதிகம் மாறவில்லை. போட்டியில்லாத சந்தைதான் அதற்கு முதற்காரணம் என்று மறுப்பவர்கள் சொல்வது சரியே. ஆனால் கூரையையும் தூணையும் தொட்டால் காரின் வலிமையையே மறுபடி கணக்கிட வேண்டும் என்ற தொழில்நுட்பத் தடையும் அங்கே இருந்தது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் உயிரைப் பற்றியது. 2009இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பாதுகாப்பு ஆய்வு மையம் 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டின் வேகமும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். பெல் ஏரின் இருக்கைக்கூடு நசுங்கியது. உள்ளே ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபு ஓட்டுநருக்குக் காலில் சிறு காயத்தோடு போயிருக்கும். பருமனான தகடு பாதுகாப்பு தரும் என்ற நம்பிக்கை அன்றே நொறுங்கியது. மோதலின் ஆற்றலை முன்பகுதி உறிஞ்சவும் பயணிகள் கூடு கலையாமல் நிற்கவும் உடல் முழுவதும் சேர்ந்து உழைக்க வேண்டும். அழகுக்காக விடுவிக்கப்பட்ட தகட்டுக்கு அந்தப் பயிற்சியே தரப்படவில்லை. இந்த ஆட்சேபத்தை முழுதாக ஏற்கிறேன். ஈர்ப்பும் ஆபத்தும் அந்த ஒரே தீர்மானத்தின் பிள்ளைகள்.

அதனால் இவற்றை நெடுஞ்சாலையில் விரட்டக் கூடாது, அழியவிடவும் கூடாது. கொச்சியின் தேவரா, மட்டாஞ்சேரி போன்ற காயலோரங்களில் அழிவு வேகமாக வரும். குரோமியப் பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்விரிசல்களில் உப்புக்காற்றின் குளோரைடு புகுந்து நிக்கலையும் பிறகு எஃகையும் அரிக்கும். சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே தேங்கும் ஈரம் கண்ணுக்கே தெரியாது. அப்படியொரு காரை வைத்திருப்பவர்கள் மினுக்கும் முகப்பைத் துடைப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் காரைத் தூக்கி நிறுத்தி அடிச்சட்டத்தின் வடிகால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.