பெயருள்ள முதுமை

ஜவ்வாது மலையிலே சாமை விளையும் சரிவுகளில் செல்லும் யாத்திரிகர்கள், திண்ணையில் அமர்ந்திருக்கும் மூதாட்டிகளைப் படம் பிடித்து வருகிறார்கள். அடியில் "மலைவாசிக் கிழவி" என்று எழுதி விடுகிறார்கள். ஊருமில்லை, பேருமில்லை. முதுமை என்ன, வேடிக்கைப் பொருளா?

1514-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துச் சித்திரக்காரர் ஆல்பிரெக்ட் டியூரர் தம் தாயார் பார்பராவைக் கரித்துண்டினால் வரைந்தார். பதினெட்டு மக்களைப் பெற்று, பெரும்பாலோரைப் பறிகொடுத்த தாய் அவர். ஒட்டிய கன்னத்தையும் புடைத்த கழுத்து நரம்பையும் மகன் மறைக்கவில்லை, பரிகசிக்கவுமில்லை. டியூரரின் தாய், வயது 63 என்று படத்திலேயே எழுதினார். இரண்டு மாதத்திற்குள் அந்த அம்மாள் காலமானார். அச்செய்தியையும் அதிலேயே சேர்த்தார்.

மெல்லிய குச்சிகளைக் காற்றுப் புகாமல் சுட்டெடுத்தால் கரிக்கோல் கிடைக்கும். அதன் தூளை விரலால் தேய்த்தால் நிழல் படியும். துடைத்தால் வெளிச்சம் பிறக்கும். முகச் சுருக்கம் வெறுங் கோடன்று; மேடும் பள்ளமுமான மடிப்பு. கோடு கோடாகக் கீறினால் முகம் வலைபோலாகிவிடும். நிழலும் ஒளியுமாகத் தேய்த்தாலே அது உயிருள்ள தோலாகும்.

வர்ணக் கட்டி என்பது நிறப்பொடியைச் சிறிது பிசினுடன் பிசைந்து உலர்த்தியது. பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் கண்நோயால் எண்ணெய் வர்ணத்தை விட்டு இதைக் கைக்கொண்டார். 1771-இல், 70 வயது கடந்தபின், தலைத்துணியும் மூக்குக் கண்ணாடியுமாகத் தம்மையே தீட்டினார். நம் நாட்டில் அவனீந்திரநாத் தாகூரும் கல்கத்தாவில் இம்முறையைப் பயின்றவரே. நம்மவர் மாநிறத்திற்குக் கருப்புக் கட்டி மட்டும் போதாது. காவி, செம்பு, கருநீலம் ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக இழைத்தால்தான் வெயிலில் உழைத்த மேனி தோன்றும். பொடி உதிருமாதலால், கண்ணாடி படத்தைத் தொடாதவாறு சட்டம் போடுவது அவசியம்.

மலைக்குச் செல்லும் இளஞ் சித்திரக்காரர்களை நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. முதலில் அருகில் உட்காருங்கள், "பாட்டி, வரையலாமா?" என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், பெயரையும் ஊரையும் படத்தடியில் எழுதுங்கள். வயது தெரியாதவரானால், பேரப்பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு எழுதலாம். முடித்தபின் முதலில் அவரிடமே காட்டுங்கள்.

நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் இதுவே முறை. செலவு அதிகமில்லை. ஒரு தாள், ஒரு கரித்துண்டு, அவருடன் கழிக்க ஒரு பகற்பொழுது இருந்தால் போதும்.