திறக்க மறுத்த கோப்பும் ஓர் அம்மாவின் 46 பக்கங்களும்

கடந்த மழைக்காலத்தில் வடமராட்சி அம்மா ஒருவர் என்னிடம் ஒரு பென் டிரைவைத் தந்தார். இறுதி யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகச் செஞ்சிலுவைச் சங்கத்திலும், மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும், பின்னர் காணாமல் போனோர் அலுவலகத்திலும் அவர் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள் அதில் இருந்தன. உறவுக்காரப் பொடியன் ஒருவன் 46 பக்கங்களையும் ஸ்கான் செய்து ஒரே ஸிப் கோப்பாகச் சுருக்கிக் கொடுத்திருந்தான். கடதாசிகள் வெள்ளத்தில் ஊறிப்போய்விட்டன. மிஞ்சியது அந்தக் கோப்பு மட்டும்தான்.

மவுஸால் அழுத்தினால், கோப்பு பழுதடைந்துள்ளது என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி.

ஸிப் கோப்புக்குள் ஒவ்வோர் ஆவணமும் தனித்தனியே சுருக்கப்பட்டு வரிசையாக இருக்கும். எது எங்கே என்று காட்டும் அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கும். பிரதி முடியுமுன் பென் டிரைவைப் பிடுங்கினால் அந்த அட்டவணைதான் முதலில் போகும். அது இல்லாவிட்டால், உள்ளே ஆவணங்கள் இருந்தாலும் கணினி கையை விரித்துவிடும்.

நான் முதலில் கோப்புக்கு இன்னொரு பிரதி எடுத்தேன். பிறகு லினக்ஸின் கட்டளைத் திரையில் 'ஸிப்' கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் இரண்டு பெரிய 'எஃப்' எழுத்துகளும் சேர்த்து, மீட்பதைப் புதிய பெயரில் எழுதச் சொன்னேன். அது கோப்பை முதலிலிருந்து துழாவி, அகப்படும் ஆவணங்களுக்குப் புது அட்டவணை போடும். அதை 'அன்ஸிப்' கட்டளையால் விரித்தபோது 39 பக்கங்கள் வந்தன. மற்ற 7 பக்கங்களும் பென் டிரைவுக்கு வந்தே சேரவில்லை. அவற்றை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது.

இதைத் தவிர்த்திருக்கலாம். 'அன்ஸிப்' கட்டளையோடு கழித்தல் குறியும் 'டெஸ்ட்' என்ற சொல்லின் முதலெழுத்தும் கொடுத்தால், எதையும் விரிக்காமலே கோப்பைச் சோதிக்கலாம். ஒவ்வோர் ஆவணத்துக்கும் கோப்பிலேயே ஒரு சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும். கட்டளை அந்த எண்ணைத் திரும்பக் கணித்து ஒப்பிடும். பிழை இல்லை என்று வரும்வரை ஸ்கான் செய்த படங்களை அழிக்காதீர்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும், வேறு பிரதி இல்லாத ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. ஒரேயொரு பிரதியை நம்பியிருப்பதன் விலை எமக்குத் தெரியும். சோதித்த கோப்பை இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள்.

விடுபட்ட 7 பக்கங்களுக்காக அந்த அம்மா மறுபடியும் அலுவலகப் படி ஏறவேண்டியிருக்கிறது.