எல்லாமே ஒரே 'மாங்குரோவ்' இல்லை! நோணாங்குப்பம் அலையாத்தி மரங்களை அடையாளம் காண்பது எப்படி?

நோணாங்குப்பம் படகுக் குழாமில் இருந்து பாரடைஸ் பீச்சுக்குப் போகும் வழியில், சுண்ணாம்பாற்றின் கரையோர மரங்களை செல்போனில் படம் எடுக்காதவர்கள் குறைவு. கேப்ஷன் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: 'மாங்குரோவ்'.

ஆனால் மாங்குரோவ் என்பது ஒரு மரத்தின் பெயர் இல்லை. உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் வாழப் பழகிய பல மரங்களின் பொதுப்பெயர். பக்கத்தில் உள்ள அரியாங்குப்பம் கழிமுகத்தை ஒட்டி, சுமார் 168 ஹெக்டேரில் ஏழு மாங்குரோவ் இனங்கள் இருப்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இவற்றில் சில, அண்ணன் தம்பி மாதிரி அப்படியே ஒத்திருக்கும்.

முதலில் வேரைப் பாருங்க

மரத்தைச் சுற்றிச் சேற்றில் இருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தால், அது அலையாத்தி (அவிசென்னியா). இவை சுவாச வேர்கள். தண்டில் இருந்து வளைந்து இறங்கி, மரத்துக்கு முட்டுக் கொடுத்த மாதிரி வேர்கள் நின்றால், அது சுரபுன்னை (ரைசோபோரா).

வெண்கண்டலா, கருங்கண்டலா?

அலையாத்தியிலேயே இரண்டு வகை உண்டு. வெண்கண்டல் என்பது அவிசென்னியா மெரினா. கருங்கண்டல் என்பது அவிசென்னியா அஃபிசினாலிஸ். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால், பெயரைவிட அடையாளத்தை நினைவில் வைப்பது நல்லது.

இலை நுனி: வெண்கண்டலில் கூராக இருக்கும். கருங்கண்டலில் உருண்டு முடியும்.

இலையின் அடிப்பக்கம்: வெண்கண்டலில் சாம்பல் கலந்த வெள்ளை. கருங்கண்டலில் மஞ்சள் கலந்த பச்சை.

பட்டை: வெண்கண்டலில் திட்டுத் திட்டாக உரியும். கருங்கண்டலில் அப்படி உரியாது.

பூ: கருங்கண்டலில் சுமார் 1 செ.மீ. அகலம். வெண்கண்டலில் ஏறக்குறைய அதில் பாதிதான்.

ஒரே ஓர் இலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வெயில், உப்பு, வயதைப் பொறுத்து இலை வடிவம் மாறும். இரண்டு மூன்று அடையாளங்கள் ஒத்துப்போனால்தான் உறுதி.

நிபுணர்களுக்கே சவால் விட்ட மரம்

சுரபுன்னையிலும் இதே கதைதான். ரைசோபோரா அபிகுலேட்டாவில் குட்டையான காம்பில் இரண்டு பூக்கள் ஒட்டினாற்போல் இருக்கும். ரைசோபோரா மியூக்ரோனேட்டாவில் நீளமான காம்பில் பல பூக்கள் தொங்கும். முருங்கைக்காய் போல மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நாற்றும் இதில்தான் அதிக நீளம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மரம் இருந்தால்? பிச்சாவரத்தில் அப்படி ஒன்று கிடைத்தது. 1995-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கதிரேசன், 'ரைசோபோரா அண்ணாமலையானா' என்ற பெயரில் அதைப் புதிய இனமாக அறிவித்தார். பிச்சாவரத்து மரங்களின் மரபணுவை ஆராய்ந்த சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர், அது மேற்சொன்ன இரண்டும் கலந்து உருவான கலப்பினம் என்று 1997-ல் காட்டினர். கண்ணால் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு.

பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். ஒவ்வோர் இனமும் தாங்கும் உப்பின் அளவு வேறு, நிற்கும் தண்ணீர் மட்டம் வேறு. வெண்கண்டல் கடுமையான உப்பையும் தாங்கும். அதனால்தான் முத்துப்பேட்டைக் காட்டில் அதன் ஆதிக்கம். சுரபுன்னைக்கு அலை வந்து போகும் வாய்க்கால் ஓரம் வேண்டும்.

இது புரியாமல் நட்டால், நட்டதெல்லாம் வீண். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் மாங்குரோவ் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டது முக்கியக் காரணம். 'பத்தாயிரம் மரக்கன்று நட்டோம்' என்ற செய்தியைப் பார்த்தால், எந்த இனம், எந்த இடம் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

அடுத்த முறை போட்டிங் போனால்...

இலையைப் பறிக்க வேண்டாம், ஜூம் போதும். வேர், பட்டை, இலையின் அடிப்பக்கம், பூ அல்லது காய் என நான்கு படங்கள் எடுங்கள். இடத்தையும் தேதியையும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவிட்டால், தெரிந்தவர்கள் இனத்தை உறுதி செய்ய உதவுவார்கள். செல்ஃபிக்குப் பின்னால் நிற்கும் மரத்துக்கும் ஒரு சரியான பெயர் கிடைக்கும்.