ஓலை மடிப்பில் ஒரு தாளம்

வாசற்படியைத் தாண்டியதுமே குங்கிலிய வாசனை! கும்பகோணத்துக்குப் பக்கத்தில், சுவாமிமலையில் ஒரு சிற்பக்கூடம். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும் சேர்ந்து உருகிக்கொண்டிருக்கின்றன. தரையில் மெழுகுக் கைகள், மெழுகுக் கால்கள், தலை இன்னும் சேராத ஓர் அம்மன். எங்கே கண்ணை வைப்பது என்றே தெரியவில்லை.

டேப் எங்கே என்று தேடினேன். ஸ்தபதி சிரித்தபடி ஒரு தென்னை ஓலைக் கீற்றை நீட்டினார். "இதாம்மா எங்க அளவுகோல். ஒடிஓலைன்னு சொல்லுவோம்." சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, தாலம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடிக்கிறார். சிவனுக்கு உத்தம தசதாலம்: மொத்தம் 124 அங்குலம். இந்த அங்குலம் இஞ்ச் இல்லை, உயரத்தில் ஒரு பங்கு. சாண் உயரச் சிலையானாலும் ஆள் உயரச் சிலையானாலும் அதே 124 பங்குதான்!

தாலம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் பாட்டு வகுப்பு திறந்துகொண்டது. சிற்பியின் தாலமும் பாடகரின் தாளமும் வடமொழியில் ஒரே சொல். ஒன்று கை விரித்து அளப்பது, மற்றது கை தட்டி அளப்பது. ஏழு தாளங்களில் அலங்காரம் என்ற சுரப் பயிற்சியைப் பாடினோமே, நினைவிருக்கிறதா? ஸ-வில் தொடங்கிய சுரக்கோவை அடுத்த வரியில் ரி-யில் தொடங்கும், அதற்கடுத்து க-வில். வடிவம் அப்படியே இருக்க, நிற்கும் இடம் மட்டும் ஒரு படி ஏறும். ஓலையின் மடிப்பும் இதைத்தானே செய்கிறது! பிற்பாடு கச்சேரியில் கற்பனை ஸ்வரம் மழையாகக் கொட்டும்போது, அடியில் ஓடுவது அந்தப் பிள்ளைப் பருவப் பாடம்தான்.

அலங்காரம் என்றால் மேலே பூட்டும் நகை என்றுதான் பலரும் எண்ணுகிறோம். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1939-இல் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லின் வேரைத் தோண்டினார்: ஒன்றை அதன் வேலைக்குப் போதுமானதாக்குவதே அலங்காரம். ஓலையைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு, அவர் சொன்னதே சரி என்பேன். அலங்காரம் நகை இல்லை, எலும்பு.

அடுத்த அறையில் காவிரி வண்டலை மெழுகின் மேல் பூசுகிறார்கள். மாவைப் போன்ற மண், மெழுகில் பதிந்த கைரேகையைக்கூட வாங்கிக்கொள்ளும். பிறகு சூளை, மெழுகு உருகி ஓடிவிட, அந்த வெற்றிடத்தில் உலோகம் பாயும். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் அதே அச்சில் இன்னொரு சிலை கிடையாது!

கிளம்பும்போது ஒரு மெழுகு உருவம் கண்ணில் பட்டது. வீணை மீட்டும் சிவன், வீணாதர தட்சிணாமூர்த்தி. "வீணை எங்கேங்க?"

"விரல் சரியா வந்தா வீணை தானா வந்து உட்காரும்மா."

சோழர் காலத்து வீணாதரர் திருமேனிகள் பலவற்றில் இன்று வீணை இல்லை. விரல்கள் மட்டும் மீட்டும் வாக்கில் வளைந்தே இருக்கின்றன.