வண்டிப்பாதை முள்ளும் டயர்ப் பஞ்சரும்

இரும்புப் பட்டை கட்டிய பாரவண்டி நம் கிராமங்களில் அருகிப்போய்விட்டது. அதன் இடத்தில் டயர் வண்டியும், டிராக்டர் டிரெய்லரும், பால் கேன் கட்டிய மொபெட்டும் ஓடுகின்றன. காற்றடைத்த சக்கரத்துக்கு 1845-ல் முதன்முதல் உரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அது அக்காலத்தில் பரவாமற்போயிற்று. பிறகு 1888-ல் அதையே புதிதாகச் செய்து வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பெல்பாஸ்டு நகரத்திலிருந்த ஜான் பாய்டு டன்லப். அவர் தொழிலால் கால்நடை வைத்தியர் என்பதைக் குடியானவர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். மாட்டின் பாரத்தைக் குறைத்ததில் அவருடைய மருந்துகளைக் காட்டிலும் அவருடைய சக்கரமே பெரிது. இரும்புப் பட்டை அறுத்து இறங்கும் இளமண்ணில் காற்றுச் சக்கரம் மிதந்து செல்லும். அதே ஜோடி எருதுகள் அதிக பாரத்தை எளிதாக இழுக்கும்.

ஆயினும் இரும்புப் பட்டைக்கு முள் ஏறாது; ரப்பருக்கு ஏறும். தார் போட்ட சாலையில் வசிப்போருக்கு இஃது எப்போதோ நேரும் தொல்லை. காட்டுப் பாதையின் கடைசியில் களமும் கிணறும் வீடும் வைத்திருப்போருக்கோ வாரத்துக்கு ஒரு தரம் நேரும் நஷ்டம். ஒட்டுக் கூலி அந்த நஷ்டத்தில் சிறு பகுதியே. மாலைப் பால் சங்கத்து நேரத்துக்குச் சேராவிட்டால் கறந்தது முழுதும் வீண். வெட்டிய கரும்பு ஆலைக்குச் செல்லத் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் எடையும் சர்க்கரையும் இழக்கும். ஒரு பக்கத்துச் சக்கரம் காற்றிறங்கிய வண்டியைக் களம் வரை ஓட்டிவிடலாமென்று இழுக்கவைத்தால், ஏர்க்கால் ஒரு பக்கமாகத் தள்ளி, நுகத்தடி எருதின் கழுத்தை உரசிப் புண்ணாக்கும். அப்புண் ஆறும்வரை உழவு நிற்கும். இரவில் பிரசவ வலி கண்டவளை ஏற்றிச் செல்லும் வாகனமும் இதே பாதையில்தான் போகவேண்டும்.

முதலில் முள்ளைப்பற்றிச் சொல்லுவோம். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் டயரைக் கெடுப்பவை முக்கியமாக மூன்று: சீமைக்கருவேல், உடை, நெருஞ்சி. முன்னிரண்டும் மரத்து முள். நேராக, விறைப்பாக, ஒன்றிரண்டு அங்குல நீளம் வளர்வன. காய்ந்தபின் இவற்றின் கடினம் கூடுமேயன்றிக் குறையாது. இந்த முள் தானாகப் பாதைக்கு வருவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. நாமே கொண்டுவருகிறோம். வேலி அடைக்க முட்கிளையை வெட்டிப் பாதை நெடுக இழுத்துச் செல்கிறோம். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றும்போது கழித்த சிம்புகளை அங்கேயே தள்ளிவிட்டுப் போகிறோம். மண்வாரி இயந்திரம் கொண்டு தோட்டத்தைச் சுத்தம் செய்து, அந்தக் குப்பையைப் பாதை ஓரத்தில் குவிக்கிறோம். ஒரு கிளை இழுபட்ட தடத்தில் அடுத்த இரண்டு மாதம் எத்தனை டயர் இறங்குகிறதென்று எண்ணினால் இதன் உண்மை விளங்கும்.

சீமைக்கருவேல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இத்தேசத்துக்குக் கொணரப்பட்ட மரம். ஆடுமாடுகள் அதன் இனிப்பான நெற்றைத் தின்று, விதையைச் சாணத்தோடு போகிற வழியெல்லாம் போட்டுச் செல்வதால், மந்தை நடக்கும் பாதையோரமே அதற்கு நாற்றங்காலாகிறது. தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் நெருக்கமாகத் துளிர்க்கும். ஆகையால், வேரின் கழுத்துப்பாகம் முழுதும் வெளிவரும்படி தோண்டியெடுப்பதே வழி. ஈரம் உள்ள காலத்தில், கன்று இடுப்பளவு உயரும் முன் செய்தால் ஓர் ஆள் கடப்பாரையோடு செய்துவிடலாம். முதிர்ந்தபின் இயந்திரம் வேண்டியிருக்கும். இம்மரம் உள்ளிட்ட அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கு 2022-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. பெரிய கண்மாய்களுக்கும் காடுகளுக்கும் அக்கொள்கை பார்த்துக்கொள்ளட்டும். நம் தோட்டத்துக்குப் போகும் இரண்டு பர்லாங்கு பாதையை நாமே பார்த்துக்கொள்வது உத்தமம்.

நெருஞ்சியோ வேறு ஜாதி. தரையோடு படர்ந்து சிறு மஞ்சள் பூப் பூக்கும் இச்செடியை அறியாதவர் இல்லை. இதன் காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள்ளும் இரண்டு சிறிய முள்ளும் உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல் நோக்கியே நிற்கும். டயரில் ஏறி, சிறிது தூரம் சென்று, உதிர்ந்து, அவ்விடத்தில் முளைக்கும். அதாவது, நம் டயரே அதற்கு விதைக்கும் கருவி. நாட்டு மருந்துக் கடையில் இது விலைக்குப் போகும் சரக்கு. பாதையில் கிடப்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் பரவிவிட்ட இச்செடியை அடக்க, 1961-ல் இத்தாலியிலிருந்து இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒன்று காயைத் துளைக்கும், மற்றொன்று தண்டைத் துளைக்கும். அத்தனை தூரம் நாம் போகவேண்டுவதில்லை. நெருஞ்சிக்கு ஆணிவேர் ஒன்றே. மழைக்குப்பின் பூக் கண்டவுடன், காய் பச்சையாக இருக்கும்போதே, களைக்கொத்தால் கழுத்துக்குக் கீழே ஒரு கொத்துக் கொத்தினால் செடி தீர்ந்தது. காய் முற்றிவிட்டால் செடியைப் பிடுங்கிப் பாதையில் எறிவது விதைப்பதற்கு ஒப்பாகும். சாக்கில் சேர்த்து எரித்துவிடவேண்டும். உதிர்ந்துபோன முட்களை எடுக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. பழைய சணல் சாக்கை நனைத்து, மேலே சிறிது பாரம் வைத்து, கயிறு கட்டிப் பாதையில் மெள்ள இழுத்துச் செல்லுக. முட்கள் சாக்கில் தைத்துக்கொண்டு வரும். விதை பல வருஷம் மண்ணில் உறங்கிக் கிடக்குமாதலால், ஒரு வருஷம் செய்து விட்டுவிடுவதில் பயன் இல்லை.

இனி, முள்ளல்லாத காரணங்கள். டயர் இறங்கியதெல்லாம் முள்ளால் என்று எண்ணுவது பொது வழக்கம். பலவற்றுக்கு முள் காரணமன்று. டியூபிலுள்ள துளையே தன் காரணத்தைச் சொல்லும். ஆதலால் ஒட்டுவதற்குக் கொடுக்குமுன் துளையைத் தாமே பார்த்தல் அவசியம். பாதையைத் தொடும் புறத்தில் ஊசித்துளை ஒன்று இருந்தால் அது முள் அல்லது ஆணி. அருகருகே, பாம்பு கடித்தாற்போல், இரண்டு கீற்று இருந்தால் அது கல்லின்மேலோ பள்ளத்தின் விளிம்பிலோ மோதி, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியது. காற்றுக் குறைவே அதற்குக் காரணம். துளை ரிம்மைப் பார்த்த உட்புறத்தில் இருக்குமானால், ரிம்மின் துருவோ, சைக்கிளானால் ஆரக்கம்பியின் தலையோ குத்தியிருக்கிறது. அங்கே உட்பட்டையை மாற்றாமல் எத்தனை ஒட்டு ஒட்டினும் நில்லாது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்றுக் குறைந்த டயர் ரிம்மின்மேல் நகர்ந்து டியூபையும் இழுத்துச் சென்றிருக்கிறது. இதை முன்கூட்டியே அறியலாம்: டயரிலிருந்து ரிம் வரை சுண்ணாம்புக் கோடு ஒன்று இடுக, சில தினங்களில் அக்கோடு முறிந்து விலகியிருந்தால் டயர் நகர்கிறதென்று கொள்க. துளை எதுவும் அகப்படாமல் காற்று மட்டும் இறங்கினால் வால்வின் வாயில் எச்சில் தடவிப் பார்க்கவேண்டும். குமிழி கிளம்பினால் குற்றம் அங்கே.

இதிலிருந்து தெரியவருவது யாதெனில், பஞ்சர்களில் ஒரு பெரும்பங்கு காற்றைக் கவனியாமையால் வருவன. டயரைக் கட்டைவிரலால் அமுக்கியும் காலால் உதைத்தும் காற்றுப் பார்ப்பது வழக்கமாயிருக்கிறது. கனமான டயரில் பாதிக் காற்று இறங்கியும் அது உதைக்கு அசையாது. விலை குறைந்த காற்றுமானி ஒன்று நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள், காலையில், வண்டி ஓடுமுன் பார்க்கவேண்டும். ஓடிச் சூடேறிய டயர் அதிகக் காற்று உள்ளதாகக் காட்டும். எத்தனை ராத்தல் என்பதை வாகனத்தோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் காண்க. டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை மீறலாகாது. மிகுதியாக அடித்த டயர் கூரான சரளைமேல் ஏறும்போது வெட்டுப்படும். டிராக்டர்க்காரர்கள் ஒன்று கவனிக்கவேண்டும்: வயலில் உழுவதற்கென்று குறைத்த காற்றோடே பாரம் ஏற்றிய டிரெய்லரைச் சாலையில் நெடுந்தூரம் இழுத்தால், டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து நூல் விட்டுப்போகும்.

ஒட்டுப் போடுதலில் நேரும் பெரிய பிசகு, குத்திய முள்ளின் நுனியை டயருக்குள்ளே விட்டுவிடுதல். முள் தைத்த இடத்தில் வெளிப்பாகம் முறிந்து விழுந்துவிடும். உள்ளே நெல்முனையளவு நுனி நிற்கும். டியூபை ஒட்டி மாட்டியபின் அந்த நுனி அதே இடத்தில் மறுநாள் குத்தும். கடைக்காரர் ஒட்டு சரியில்லையென்று அவர்மேல் பழி. டயரின் உட்புறம் முழுதும் ஒரு பஞ்சுப் பிடியைத் தேய்த்துக்கொண்டு போனால், முள் நுனி உள்ள இடத்தில் பஞ்சு மாட்டும். வெறுங்கை வைக்கலாகாது. டியூபைக் கழற்றும்போது அது டயரில் எவ்வாறு இருந்தது, எந்தப் பக்கம் எதை நோக்கியிருந்தது என்பதை நினைவில் வைத்தால், டியூபின் துளைக்கு நேரே டயரில் தேடலாம். பிறகு ஒட்டும் முறை எல்லோரும் அறிந்ததே. ஆனால் அவசரத்தில் தவறவிடுவது இரண்டு: உப்புத்தாளால் தேய்த்த இடம் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும்; பூசிய சொலூஷன் ஈரம் போய், விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்தவேண்டும். ஈரத்தில் ஒட்டியது சித்திரை வெயிலில் கழன்றுவிடும்.

டயர் வெட்டுப்பட்டிருந்தால் பழைய டயர்த்துண்டை உள்ளே வைத்து ஓட்டுவது உண்டு. அத்துண்டின் விளிம்புகளைச் சீவி மெல்லிதாக்காவிட்டால் அதுவே டியூபை அறுக்கும். டியூபில்லாத டயரில் முள் தைத்தால், நடுக்காட்டில் அதைப் பிடுங்காதிருப்பது நல்லது. முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்று இறங்காமலிருக்குமானால் மெதுவாகக் கடை வரை சென்றபின் பிடுங்கலாம். டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திராவகங்கள் நெருஞ்சித் துளைக்கு உதவும். பக்கச்சுவர் வெட்டுக்கு உதவா, நாளாவட்டத்தில் காய்ந்தும் போகும். தேய்ந்து மழுங்கிய டயருக்கு எந்த வைத்தியமும் வீண் செலவு. முள் கடக்கவேண்டிய ரப்பரின் கனமே அங்கே போய்விட்டது.

வேலையில்லாத மாதங்களில் டயர் வண்டியைப் பாரத்தோடு வெயிலில் நிறுத்துவது ரப்பரை வெடிக்கச் செய்யும். அச்சுக்கடியில் முட்டுக்கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையினின்று தூக்கி, கீற்றுக் கொட்டகையில் நிறுத்துக. டீசலும் எண்ணெயும் ரப்பரில் படலாகாது.

கடைசியாகப் பாதை. மழைநீர் நடுப்பாதையில் ஓடினால் மண்ணை அரித்துக் கல்லின் கூர்களை வெளிப்படுத்தும். சக்கரத் தடம் பள்ளமாகி, அதன் விளிம்பு டயரின் பக்கச்சுவரை உரசும். காற்றும் நீரும் கொண்டுவரும் முட்களெல்லாம் அப்பள்ளத்திலேயே வந்து சேரும். பத்தடி அகலப் பாதைக்கு நடுவில் இரண்டு மூன்று அங்குலம் மேடு வைத்து, இருபுறமும் வாய்க்கால் எடுத்தால் நீர் பக்கங்களில் வடியும். முழுப்பாதைக்கும் இயலாவிட்டாலும் தாழ்வான இடங்களுக்காவது செய்யலாம். பள்ளத்தை நிரப்பக் கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அதில் ஆணியும் கம்பித்துண்டும் கண்ணாடிச் சில்லும் கலந்திருப்பதால், பள்ளம் மூடுகிறது, பஞ்சர் பெருகுகிறது. சரளை மண்ணே போடவேண்டும்.

இவற்றை ஒருவர் தம் நிலத்தெல்லை வரை செய்து, அடுத்தவர் செய்யாமலிருந்தால் பயன் பாதியே. ஆதலின் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இதில் கருத்துச் செலுத்தவேண்டும். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022-ல் சேர்க்கப்பட்ட மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. நவம்பர் முதல் தேதி வடகிழக்கு மழையில் நெருஞ்சி முளைத்துப் படரும் காலம். அன்றைய சபையில், முட்கிளையைப் பொதுப்பாதையில் இழுத்துச் செல்லாமல் வண்டியில் ஏற்றியே கொண்டுபோவது, கழிவைப் பாதையோரம் குவிக்காதிருப்பது, ஒவ்வொரு நிலத்துக்காரரும் தம் எல்லைக்கு நேரான பாதையோரத்து நெருஞ்சியைக் கார்த்திகைக்குள் கொத்திவிடுவது என்று மூன்றையும் தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம். கரிமூட்டம் போடுகிறவர்களையும் அச்சபைக்கு அழைத்தல் நலம். அவர்களுடைய வண்டியும் அதே பாதையில்தான் நின்றுபோகிறது.