மலை அசைகிறதா?
நால்ப்ஸ் அணை, சுவிட்சர்லாந்து

நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகே, மலையின் ஆழத்தில், 57 கி.மீ. நீளமுள்ள கோத்தார்ட் அடிவார ரயில் சுரங்கம் செல்கிறது. அதைக் குடைந்த காலம் முழுவதும் இந்தப் பள்ளத்தாக்கின் சரிவுகளை அளவுக் கருவிகள் இடைவிடாமல் கவனித்து வந்தன. பனி மூடி மனிதர் ஏற முடியாத மாதங்களிலும் அவை தாமாகவே அளந்தன.

காரணம், 1978இல் கிடைத்த பாடம். வாலே மாநிலத்தின் ஸூஸியே வளைவு அணைக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு சோதனைச் சுரங்கம் தோண்டினார்கள். பாறைப் பிளவுகளில் நிறைந்திருந்த நீர் அதன் வழியே வடிந்தது. நீரின் அழுத்தம் குறைந்ததும் பிளவுகள் இறுகின, மலை பத்து சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்தது, பள்ளத்தாக்கின் இரு கரைகளும் நெருங்கின. வளைவு அணை அந்தக் கரைகளில்தான் சாய்ந்து நிற்கிறது. அதனால் கான்கிரீட்டில் விரிசல் விழுந்தது. ஏரியை வடித்துவிட்டுத்தான் பழுதுபார்க்க முடிந்தது. அவ்வளவு தொலைவிலிருந்த ஒரு சிறு துளை இத்தனை பெரிய அணையை அசைக்கும் என்று அதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கோத்தார்ட் சுரங்கப் பாதைக்கு அருகே இப்படி மூன்று வளைவு அணைகள்: நால்ப்ஸ், குர்னேரா, சாந்தா மரியா. எதிர்ச்சரிவைப் பாருங்கள். இது போன்ற சரிவுகளின் பாறைகளில் பதித்த, ஒளியைத் திருப்பும் பட்டகங்களை நோக்கிக் கருவிகள் ஒளிக்கதிரை அனுப்பி, மில்லிமீட்டர் அசைவையும் பதிவு செய்தன. கீழே நீர்க்கசிவு மிகுந்த இடங்களில் பிளவுகளுக்குள் சிமெண்ட் குழம்பைச் செலுத்தி அடைத்தார்கள். 2016இல் சுரங்கம் திறக்கப்பட்டது.